பாற்பல்லும் பெயர்ப்பட்டியலும்

பாற்பல்லில் விழும் சூத்தைக்கு எம்மூரில் இருந்த வைத்தியம் பெரிய வைத்தியமன்று. விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடுவார்கள். நோவெடுத்தால் கராம்பு, முரசு வீங்கினால் பிடுங்குதல், ஆடுகிற பல்லென்றால் நூல் கட்டி இழுத்துக் கூரைமேல் எறிதல். புலம்பெயர்ந்து வந்த பின்னும் இந்த மனோபாவம் எம்மை முற்றாக விட்டுப் போகவில்லை. திரும்ப முளைக்கும் பல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கும் பெற்றோர் எம்மிடையே இன்றும் உண்டு.

கேள்வி நியாயமானதுபோலத் தோன்றினாலும் அதன் அடிப்படை பிழையானது. பாற்கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்கவேண்டியவை. அவை சீழ்பிடித்தால் பிள்ளை சாப்பிடாது, நித்திரை கொள்ளாது. முன்கூட்டியே பிடுங்கினால் பின்னால் முளைக்கும் பல்லுக்கு இடம் போதாது. வசதி படைத்த ஜேர்மனியிலேயே, 2016ஆம் ஆண்டுக்கான தேசிய ஆய்வின்படி, மூன்று வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 14 வீதமானோருக்குச் சூத்தை இருந்தது. அகதிப் பிள்ளைகளின் நிலையோ வேறு. 1993இல் வந்த அகதிகள் உதவிச் சட்டம் தன் 4ஆம் பிரிவில் திடீர் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சையையே உரிமையாக வரையறுத்தது. சூத்தையோ வலிக்கும்வரை திடீர் நோயல்ல. வலிக்கத் தொடங்கும்போது பல்லைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும்.

இலக்கியமும் அரசியலும் விவாதிக்கும் பக்கங்களில் பல்லைப் பற்றி ஏன் தொடங்குகிறேன் என்று வாசகர் கேட்கலாம். பாற்பல் வைத்தியத்தில் அண்மைக்காலத்தில் நடந்த ஒரு மாற்றம், எம்மிடையே நீண்டகாலமாகப் பேசப்பட்டும் தீராத ஒரு கேள்வியை மிகத் தெளிவாக முன்வைக்கிறது. ஓர் ஆக்கத்தின்மேல் எழுதப்படும் பெயர் எதைக் குறிக்கிறது? அதைச் செய்தவரையா, எழுதியவரையா, அல்லது கடைசிவரை அறைக்குள் இருக்க அனுமதிக்கப்பட்டவரையா?

முதலில் அந்த மாற்றம். பாற்பல் சூத்தைக்கு நெடுங்காலமாக இருந்த முறை, விறைப்பூசி போட்டு, துளைகருவியால் சூத்தையை முற்றாகச் சுரண்டி எடுத்து, குழியை அடைப்பது. பிள்ளைகள் பயப்படுவது இந்த ஊசிக்கும் கருவிக்கும்தான். ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல்வைத்தியர், பல்கலைக்கழகப் பதவியெதுவுமின்றிப் பொதுச் சிகிச்சை நிலையமொன்றில் பணியாற்றியவர், 1980களின் பிற்பகுதியிலிருந்து வேறொன்றைச் செய்துவந்தார். சூத்தையை அவர் எடுக்கவில்லை. பல்லைச் சீவவுமில்லை. ஊசியும் போடவில்லை. முன்கூட்டியே வார்க்கப்பட்டு விற்பனைக்கு வரும் உலோக மூடியொன்றைச் சீமெந்து இட்டுச் சூத்தைப் பல்லின்மேல் அப்படியே அழுத்திப் பொருத்தினார். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு வாயிலிருந்து சர்க்கரை கிடைப்பதில்லை. எனவே சூத்தை முன்னேறாமல் நின்றுவிடுகிறது. பாடப்புத்தகத்தின்படி இது குற்றம். சூத்தையை உள்ளே விட்டு மூடக்கூடாது என்பது பல்வைத்தியத்தின் அரிச்சுவடி.

இந்தக் குற்றம் அறிவியலானது எப்படி? டண்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா இன்னெஸ், டவீத் எவன்ஸ் ஆகியோர் 1988 முதல் 2001 வரை ஹோல் பொருத்திய மூடிகளின் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மூடிகள். அந்த ஆய்வு 2006இல் பிரித்தானியப் பல்வைத்தியச் சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் பொதுச் சிகிச்சை நிலையங்களில் 132 பிள்ளைகளை வைத்து, ஒரே வாயில் ஒரு பக்கம் ஹோலின் முறையையும் மறுபக்கம் வழமையான முறையையும் செய்து ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு முடிவில் சீழ், வலி போன்ற பெருந்தோல்விகள் வழமையான முறையில் 16.5 வீதம், ஹோல் முறையில் 3 வீதம். அதன்பின் இந்த ஆய்வு ஜேர்மனிக்கும் வந்தது. கிறைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ருத் சந்தமரியா, கிறிஸ்தியான் ஸ்ப்லீத் ஆகியோர் ஸ்கொட்லாந்துக் குழுவினருடன் சேர்ந்து 169 பிள்ளைகளிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். இரண்டரை ஆண்டுகளின் பின் ஹோல் மூடி 92.5 வீதம் வெற்றி. துளைத்து அடைத்தல் 67 வீதம். அடைக்காமல் குழியைத் திறந்து துப்புரவாக வைத்திருக்கும் முறை 70.5 வீதம். இதுவே இறுதித் தீர்ப்பு என்றும் சொல்வதற்கில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுடன் பிரித்தானியாவில் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்று வேறுபட்ட சிகிச்சைத் திட்டங்களிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை.

இப்போது 2006 கட்டுரையை ஒரு பிரதியாக வாசிப்போம். ஐந்து பெயர்கள். முதற்பெயர் இன்னெஸ். ஹோலின் பெயர் நான்காவது. பெயர்ப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் இவர் ஓர் உதவியாளர் என்றே நினைப்பார். ஆனால் முறையின் பெயரோ ஹோல் முறை. அதாவது, கையால் செய்தவருக்கு முறையின் பெயர். அதை நிறுவியவர்களுக்குக் கட்டுரையின் பெயர். இருவருக்கும் உரியதைக் கொடுத்த, ஒப்பீட்டளவில் நேர்மையான ஏற்பாடு இது. விதியை மீறிப் பல ஆண்டுகள் தனியே வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரை அழித்துவிட்டு 'டண்டி முறை' என்று சூட்டியிருக்கலாம். சூட்டவில்லை. ஆனாலும் இந்தப் பிரதிகள் எதிலும் பெயராக வராதவர்களும் உண்டு. வாயைத் திறந்து கிடந்த பிள்ளைகள் எண்களாக மட்டுமே வருகிறார்கள். அவர்களுடைய பெயரை மறைப்பது அவர்களைக் காப்பதற்காக என்பதால் அதில் பிழையில்லை. பெயரை மறைப்பது சில வேளை காப்பு, சில வேளை களவு. இரண்டையும் பிரித்தறிவதே எமது பிரச்சினை.

1990களின் தமிழ்ச் சிற்றிதழ்களில் இந்தப் பிரச்சினை ஒரு பிரெஞ்சு வாக்கியமாக வந்து சேர்ந்தது: ஆசிரியன் இறந்துவிட்டான். றோலண்ட் பார்த் 1960களின் இறுதியில் எழுதிய அக்கட்டுரையை அரைகுறையாக வாசித்தவர்களும் வாசிக்காதவர்களும் எடுத்தாண்டார்கள். 1969இல் மிஷேல் பூக்கோ ஆற்றிய உரை அந்தளவுக்கு எடுத்தாளப்படவில்லை. எமக்கு வேண்டியிருந்ததோ அதுதான். எழுதியவரைத் தண்டிக்க வேண்டிய தேவை எழுந்தபோதே எழுத்துகளுக்கு ஆசிரியர் என்று ஒருவர் தேவைப்பட்டார் என்பது அவ்வுரையின் முக்கியமான கருத்துகளில் ஒன்று. பெயர் முதலில் புகழுக்காக வந்ததல்ல, பிடிப்பதற்காக வந்தது. இதை எமக்குப் பாரிஸ் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தான் விளங்கவேண்டும் என்றில்லை. 1994 மே 1ஆம் திகதி, அதே பாரிஸில், சபாரத்தினம் சபாலிங்கம் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆசிரியனின் மரணம் பற்றி எம் பக்கங்களில் கோட்பாடு பேசப்பட்ட அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. அந்த உவமையை எழுதுவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே ஆசிரியத்துவம் என்பதை இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று உரிமை: இது என்னுடையது. மற்றது பொறுப்பு: இதற்கு நான் பதில் சொல்வேன். ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுபவர் எவராயினும் அவர் கையில் இருப்பது போலிப்பெயர் என்பதே என் வாதம்.

அறிவியலுலகம் இதை மெதுவாகவும் அவமானப்பட்டும் கற்றுக்கொண்டது. 1997இல் ஜேர்மனியில் புகழ்பெற்ற இரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளில் தரவுகள் புனையப்பட்டிருந்தமை இளம் ஆய்வாளர் ஒருவர் மூலம் வெளியே வந்தது. பின்னர் 347 கட்டுரைகள் பரிசீலிக்கப்பட்டு 94இல் மோசடி அல்லது அதற்கான சந்தேகம் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இத்தனை கட்டுரைகளிலும் பெயர் போட்டிருந்த ஏனையோர் எங்கே என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. வேலை செய்யாமல், வாசிக்காமல், நிறுவனத் தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கு வேரூன்றியிருந்தது. 1998இல் ஜேர்மன் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பரிந்துரைகள் இந்தக் 'கௌரவ ஆசிரியத்துவத்தை' மறுத்தன; பெயர் போட்ட எல்லோரும் உள்ளடக்கத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்றன. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, தன் ஆசிரியத்துவ விதிகளில் பதில்சொல்லும் கடமையைத் தனியொரு நிபந்தனையாக 2013இல்தான் சேர்த்தது.

சினிமாவில் இந்தக் கதை இன்னும் இருண்டது. 1932 மார்ச்சில் பேர்லினில் 'நீல ஒளி' என்ற படம் வெளியானது. மலைக்கிராமமொன்றில் சூனியக்காரியெனத் துரத்தப்படும் ஒரு பெண்ணின் கதை. அப்பெண்ணாக நடித்தவர் லெனி றீபென்ஸ்ரால். இயக்குநராக அவருடைய முதற்படமும் அதுவே. திரைக்கதையை அவருடன் சேர்ந்து எழுதியவர் பேலா பலாஸ். றீபென்ஸ்ரால் கமராவின் முன்னால் நின்ற காட்சிகளில் கமராவுக்குப் பின்னால் நின்று இயக்குவதிலும் அவருக்குப் பங்கிருந்தது. பலாஸ் யார்? ஹங்கேரிய யூதர், கம்யூனிஸ்ட், 1919இல் ஹங்கேரியப் புரட்சி தோற்றபின் வியன்னாவுக்கு ஓடிய அகதி. சினிமாக் கோட்பாட்டின் தொடக்க நூல்களில் ஒன்றை 1924இல் டொச்மொழியில் எழுதியவர். 1931இல் படத்தின் வேலை முடியுமுன்பே மொஸ்கோவுக்குப் போனவர், தனக்கு வரவேண்டிய ஊதியத்தை அங்கிருந்து கேட்டார். 1933 டிசம்பரில் றீபென்ஸ்ரால் ஒரு ஹோட்டல் கடுதாசியில் சில வரிகள் எழுதினார்: பலாஸ் என்ற யூதரின் கோரிக்கைகள் தொடர்பாகத் தன் சார்பில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை யூலியஸ் ஸ்ரைஷருக்கு வழங்குவதாக. யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்ட பத்திரிகையின் அதிபர் அந்த ஸ்ரைஷர். 1938இல் படம் மீண்டும் திரைக்கு வந்தபோது பலாஸின் பெயர் எழுத்தோட்டத்தில் இல்லை. தயாரிப்பாளர் ஹரி சோக்காலின் பெயரும் இல்லை. அவரும் யூத வம்சாவளியினர்.

இந்த அழிப்பு ஹிட்லருடன் முடிந்திருந்தால் வரலாறு என்று விட்டுவிடலாம். ஆனால் 1954இல் பிரான்சுவா த்ரூபோ பிரான்சில் எழுப்பிய குரலும், 1962 பெப்ரவரியில் ஓபர்ஹவுசனில் 26 இளம் ஜேர்மன் திரைப்படக்காரர் கையொப்பமிட்ட அறிக்கையும், இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கருத்துக்கு உலகெங்கும் மதிப்பைத் தேடித்தந்தன. வியாபாரிகளிடமிருந்து கலைஞரை விடுவித்த கருத்து அது. அதற்குரிய நன்றியை மறுக்க முடியாது. ஆயினும் ஒரேயொரு பெயரைத் தேடும் விமர்சகர் எழுத்தோட்டம் யாரால் வெட்டப்பட்டது என்று கேட்பதில்லை. 1974இல் அமெரிக்காவின் ரெலூரைட் திரைப்பட விழா றீபென்ஸ்ராலைக் கௌரவித்தது. 'நீல ஒளி'யை ஒரு தனிமேதையின் ஆக்கமாகப் புகழ்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஸ்ரைஷரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையை முடித்துக்கொடுக்கிறார். அடுத்த ஆண்டு சூசன் சொன்ராக் இந்தக் கௌரவிப்புகளுக்கு எதிராக எழுதியதன் பெறுமதி அதனால்தான் குறையாமலிருக்கிறது.

றீபென்ஸ்ராலின் வாழ்வில் இரு பாதிகளும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்பதையும் கவனியுங்கள். நாசிக் கட்சி மாநாட்டைப் படமாக்கியவர், அழகியல் பற்றிய பேச்சில் ஒவ்வொரு பிரேமும் தன்னுடையது என்றார். அரசியல் பற்றிய பேச்சில் நடந்ததைப் பதிவுசெய்தேன், அவ்வளவே என்றார். புகழுக்கு ஆசிரியர், பழிக்கு வெறும் கமரா. 'ரீவ்லாண்ட்' படத்துக்காக முகாம்களிலிருந்து சிந்தி, ரோமா மக்களைப் பிள்ளைகளுடன் கொண்டுவந்து நடிக்கவைத்தார்கள். அவர்களில் பலர் பின்னர் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார்கள். அந்தப் படத்தின் எழுத்தோட்டத்தில் அவர்களுக்குப் பெயரில்லை. மருத்துவ ஆய்வில் பிள்ளையின் பெயரை மறைப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே மறைத்தது பிள்ளைக்காக. இங்கே மறைந்தது கொலைக்குச் சாதகமாக.

பலாஸுக்கு சினிமாவில் நடந்தது லிசே மைற்னருக்கு ஆய்வில் நடந்தது. 1938 யூலையில் பேர்லினிலிருந்து தப்பியோடிய அந்த யூதப் பௌதிகவியலாளர், ஒற்றோ ஹானுடன் முப்பது ஆண்டுகள் சேர்ந்து உழைத்தவர். யூரேனிய அணு பிளவுபட்டதைக் காட்டும் கட்டுரை 1939 ஜனவரியில் ஹான், ஸ்ராஸ்மன் ஆகிய இரு பெயர்களுடன் வந்தது. நடந்தது அணுப்பிளவு என்பதற்குப் பௌதிக விளக்கத்தை மைற்னர் சுவீடனில் இருந்துகொண்டு தன் மருமகன் ஒற்றோ பிரிஷுடன் சேர்ந்து தனியே எழுதினார். 1944க்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும். பேர்லினில் அந்த ஆய்வு நடந்த கட்டடத்துக்கு ஹான் பெயருடன் மைற்னரின் பெயரும் சேர்க்கப்பட 2010 ஆகவேண்டியிருந்தது. அகதியாகப் போனவரின் பெயரை எவரும் ரப்பரால் அழிக்கவேண்டியதில்லை. அவர் அறையில் இல்லை என்பதே போதும்.

இதை எங்களுக்கு நடந்த அநியாயத்தின் முன்னோடிக் கதையாக மட்டும் வாசித்துவிட்டு ஆறுதலடைய முடியாது. தமிழ்ச் சினிமாவில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று நான்கையும் ஒரே பெயரின்கீழ் காட்டும் திரையைப் பார்த்துக் கைதட்டி வளர்ந்தவர்கள் நாம். 2018இல் 'சர்க்கார்' படத்தின் கதைக்கரு தன்னுடையது என்று வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் நீதிமன்றம்வரை போன பின்புதான் அவருக்கு ஒரு நன்றி வரி கிடைத்தது. எமது சஞ்சிகைகளிலும் நிலைமை வேறன்று. கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொடுத்த துணைவியர், இரவிரவாகத் தட்டச்சுச் செய்தவர்கள், டொச்சிலிருந்து வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்ன பதினாறு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேரின் பெயரை நாம் அச்சிட்டோம்? பல்வைத்தியரின் கதிரையில் தன் நோயைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளைதான் பிறகு எமது கட்டுரைகளையும் மொழிபெயர்த்தது.

புனைபெயர்கள் பற்றிய கேள்வியும் இங்குதான் எழுகிறது. 1988இல் ஹேர்ண நகரில் முதலாவது இலக்கியச் சந்திப்பு கூடிய காலத்திலும் அதன் பின்பும் இந்நாட்டில் வந்த சஞ்சிகைகளில் மிகப் பல எழுத்துகள் புனைபெயரில் வந்தன. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஊரில் தாய்தந்தையர் இருந்தார்கள்; இங்கே கதவைத் தட்டுபவர்களும் இருந்தார்கள். அப்பெயர்கள் காப்பு. ஆனால் அதே மறைவில் நின்றுகொண்டு தனிமனிதர்மேல் சேறு பூசியவர்களும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. முன்னவர் பொறுப்பின் ஆபத்தை ஏற்று உரிமையைத் துறந்தார்கள். பின்னவர் எழுத்தின் பலத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பைத் துறந்தார்கள். இரண்டையும் 'புனைபெயர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது எம் சொல்வறுமை.

மறுபுறத்தில் 'முறிந்த பனை' இருக்கிறது. 1990இல் கலிபோர்னியாவில் அச்சான அந்நூலின் அட்டையில் நான்கு பேர்: ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. ஸ்ரீதரன், ரஜனி திராணகம. ஆங்கில அகரவரிசையில் ரஜனியின் பெயர் கடைசி. யாழ் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவரான அவர், நூல் வெளிவருமுன்பே, 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி வீதியில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். மற்ற மூவரும் தம் பெயரை எடுக்கவில்லை. உரிமையும் பொறுப்பும் பிரியாமல் ஒரே அட்டையில் நின்ற, எம் காலத்தின் மிகக் கனமான பெயர்ப்பட்டியல் அது. ஆசிரியன் இறக்கலாம்; ஆசிரியத்துவம் அதனால் இறப்பதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்பழைய சஞ்சிகைகள் பலவற்றை இன்று நூலக நிறுவனத்தின் மின்னூலகத்தில் எவரும் வாசிக்கலாம். வாசிக்கும் இளையவர்கள் இது யார் எழுதியது என்று கேட்கிறார்கள். பதில் தெரிந்தவர்களுக்கு எழுபது வயதாகிறது; சிலர் போய்விட்டார்கள். எல்லாப் பெயர்களையும் உடனே வெளியிட வேண்டும் என்று சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. பெயர் அதன் உரியவருடையது; அவர் சம்மதமின்றி வெளியிடுவது இன்னொரு களவு. ஆனால் அமைதியாக இருந்துவிட்டால் பலாஸுக்கு அதிகாரம் செய்ததை எமக்குக் காலம் செய்யும். உயிரோடிருக்கும் ஒவ்வொரு முன்னாள் ஆசிரியரும் தன்னோடு எழுதியவர்களை, தட்டச்சுச் செய்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் உட்பட, இப்போதே தொடர்புகொண்டு கேட்கட்டும். சம்மதித்தவர்களின் பெயர் அச்சில் வரட்டும். மறுத்தவர்களின் பெயர் ஓர் உறையில் இடப்பட்டு, எப்போது திறக்கலாம் என்று அவர்களே எழுதிய திகதியுடன் பாதுகாக்கப்படட்டும். மற்றவர்மேல் பழி எழுதியவர்களும் தம் பெயரைச் சொல்ல முன்வரட்டும். அதற்கும் இன்னும் நேரமிருக்கிறது.

விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்ட எம் பழைய வைத்தியத்தை எம் எழுத்துகளுக்கும் செய்துவிடக்கூடாது. இந்த முன்மொழிவை மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். தம் பெயரிலோ புனைபெயரிலோ, ஆனால் பதில்சொல்லும் பொறுப்புடன்.